சுவரைப் பார்த்துப் படுத்திருப்பவர்

– செருப்ப அங்க விடாதீங்கம்மா. இந்தாண்ட வேப்பமரத்தடில விடுங்க.

– செருப்பு கெடக்கட்டும் அசோகண்ணா. நான் கேட்டதுக்கு பதில் சொல்லுங்க. எங்கப்பாவோட தல எந்தப் பக்கம் இருக்கு?

– மொதல்ல செருப்ப எடுங்க, சொல்றேன்.

– எடுத்துட்டேன், போதுமா? அப்பாவப் பொதச்ச அஞ்சு மாசமா, ஞாயித்துக்கெழமையானா இதே பாட்டு. சிலுவைக்குப் பின்னாடி செவுத்தோரமா சும்மா கெடக்கற ரெண்டடி மண்ணு. அங்க செருப்பு விட்டா என்ன குடிமுழுகிப் போயிடும்? இப்ப சொல்லுங்க. தல எந்தப் பக்கம்?

– சிலுவ எங்க நிக்குதோ அங்கதான் தல. முப்பத்தோரு வருஷமா இந்தக் கல்லறத் தோட்டத்துல குழி வெட்டறேன், எனக்குத் தெரியாதா? மேக்க தல, கெழக்க கால். அஷ்டே, அவ்ளோதான்.

– பொய் சொல்லாதீங்கண்ணா.

– இன்னாம்மா விஜி, வந்ததும் வராததுமா பொய்யி கிய்யின்னு. ஒயிட்ஃபீல்ட்லர்ந்து ரெண்டு மணி நேரம் வண்டில உக்காந்து வந்த கடுப்பு. கொஞ்சம் உக்காருங்க, டீ சொல்றேன்.

– டீ வேணாம். என்னால உக்காரவும் முடியாது. இன்னும் முக்கா மணி நேரத்துல மேஸ்திரி மஞ்சுநாத் லாரியோட வந்துடுவாரு. கிரானைட் கல்லு, காங்க்ரீட் கலவ எல்லாம் வருது. காங்க்ரீட் போட்டுட்டா, அப்புறம் கர்த்தர் வர்ற வரைக்கும் எங்கப்பாவ யாரும் திருப்ப முடியாது. அதுக்குள்ள திருப்பியாகணும்.

– எதுக்கும்மா திருப்பணும்?

– இந்த வீடியோவப் பாருங்க. அடக்கத்தன்னைக்கு என் வீட்டுக்காரர் தருண் போன்ல எடுத்தது. கல்லுல பதிக்க அப்பா போட்டோ தேடுனப்ப நேத்துதான் கண்ணுல பட்டுச்சு. பெட்டி குழிக்குள்ள எறங்குது பாருங்க. இங்க நிறுத்தறேன். தோள்பட்ட வர்ற அகலமான பக்கம் எங்க இருக்கு? கேட்டுப் பக்கம், கெழக்க. கால் வர்ற ஒடுக்கமான பக்கம் செவுத்துப் பக்கம், மேக்க. சிலுவைய மட்டும் மத்த கல்லறைங்க மாதிரியே மேக்க நட்டுட்டீங்க. அதனால இத்தன நாளா எனக்குத் தெரியல. அப்பாவோட கால்மாட்டுல நிக்குது அந்தச் சிலுவ.

– கண்ணாடி இல்லாம போன்ல ஒண்ணும் தெரிய மாட்டேங்குதும்மா.

– கண்ணாடி உங்க சட்டப் பையில இருக்கு.

– ஆங். இருக்கு. சரி, காட்டுங்க. ம். ஆமாம்மா. மாறித்தான் போயிருக்குது.

– எப்டி மாறும்?

– மழம்மா அன்னிக்கு. சகதி. அத்தினி குடைங்களுக்கு நடுவுல எவன் எந்தப் பக்கம் தூக்குறான்னே தெரியல. ஜல்தி ஜல்தின்னு உங்க சொந்தக்காரங்க வேற. பொட்டி மாறிடுச்சு. மன்னிச்சுக்குங்க. சார் பாட்டுக்கு நிம்மதியா தூங்கறாரு, அப்டியே உடுங்க.

– விடறதா? என்ன பண்ணி வச்சிருக்கீங்கன்னு புரியுதா உங்களுக்கு? நீங்க புத்தரக் கும்புடறவரு, உங்களுக்குப் புரியாது. கர்த்தர் கெழக்கலர்ந்துதான் வருவாரு. எக்காளம் ஊதுனதும் அவருக்குள்ள செத்தவங்கதான் மொதல்ல எந்திரிப்பாங்க. அதுக்குத்தான் கெழக்க கால் நீட்டிப் படுக்க வைக்கறது. எந்திரிச்சு நின்னா நேரா அவர் முகம். இந்தத் தோட்டத்துல இருக்கற அத்தன பேரும் அவரப் பாத்து நிப்பாங்க. எங்கப்பா மட்டும் அவருக்கு முதுகக் காட்டிட்டு, செவுத்தப் பாத்துட்டு நிப்பாரு.

– திரும்பிக்க மாட்டாராம்மா?

– கிண்டல் பண்றீங்களா?

– இல்லம்மா, நெஜமாத்தான் கேக்கறேன். செத்தவர எழுப்பற சத்தம்னா, அது எந்தப் பக்கத்துலர்ந்து வருதுன்னு தெரியாதா மனுஷனுக்கு? அதுவுமில்லாம கெழக்கால இன்னா தெரியுதுன்னு பாருங்க. பதினாலு மாடி அபார்ட்மெண்ட். நாலாவது மாடில ஜிம்மு. இவங்க அத்தினி பேரும் எந்திரிச்சதும் மொதல்ல பாக்கப்போறது ட்ரெட்மில்லுல ஓடறவனத்தான்.

– அண்ணா!

– சரி, பேசல. எங்க வழி வேறம்மா. நாங்க திரும்பி வரவே கூடாதுன்னு கும்புடறோம். நீங்க எப்படா எந்திரிக்கலாம்னு கும்புடறீங்க. அவங்கவங்களுக்கு ஒண்ணு. ஆனா ஒரு எடத்துல நில்லுங்கம்மா, புண்ணியமாப் போவும். எட்டாவது சுத்து சுத்துறீங்க, எனக்கே தல கிறுகிறுங்குது.

– என்னால நிக்க முடியலண்ணா. எங்கயுமே நிக்க முடியல. போன வாரம் தொம்மலூர் சிக்னல்ல ஒரு கல்யாண ஊர்வலம். பேண்டு செட்டுக்காரன் ட்ரம்பெட்ட எடுத்து ஒரே ஊதா ஊதுனான். நான் கேப்லர்ந்து எறங்கி நடுரோட்டுல வானத்தப் பாத்துட்டு நிக்கறேன். பின்னாடி அத்தன வண்டியும் ஹார்ன் அடிக்குது. ட்ரைவர் வந்து, “ஏனாயித்து மேடம், என்னாச்சு”ன்னு தோளத் தொட்டதுக்கப்புறம்தான் எனக்கு நெனவே வந்துச்சு.

– ஐயோ பாவமே.

– எங்க சபைல பாஸ்டர் ஒரு போர்டு வச்சிருக்காரு. முடிவு காலத்து அடையாளமெல்லாம் அதுல எழுதி ஒண்ணொண்ணா டிக் அடிச்சுட்டே வர்றாரு. யுத்தம் வந்தாச்சு. கொள்ள நோய் வந்தாச்சு. பூமியதிர்ச்சி வந்தாச்சு. இன்னும் ரெண்டோ மூணோதான் பாக்கி. காலைல குக்கர் விசில் அடிச்சாக்கூட ஜன்னலுக்கு ஓடிப்போய் வானத்தப் பாக்கறேன்.

– பயமாம்மா?

– பயம்னு சொல்லக்கூடாது. விசுவாசிக்கு அது சந்தோஷமான நாள்.

– சொல்லக்கூடாதுதான். இருக்குதான்னு கேட்டேன்.

– இருக்கு. எனக்காக இல்ல, அப்பாவுக்காக. என் தம்பி விக்கி கொரோனால போனதுலர்ந்து, நாலு வருஷமா அப்பா ஜெபமே பண்ணலண்ணா. சாப்பாட்டுக்கு முன்னாடி நான் கண்ண மூடி ஜெபிச்சா, அவரு தட்டுல இருக்கற மோர்மொளகாயவே பாத்துட்டு உக்காந்திருப்பாரு. வீடு முழுக்கக் கேக்கற மாதிரி பாடற மனுஷன், ஒரு வரி பாடல. ஞாயித்துக்கெழம சாயங்காலமானா மட்டும், “சர்ச்சுக்குப் போயிட்டு வரேன்”னு தனியாக் கெளம்புவாரு. அந்த ஒண்ணுதான் எனக்கு நம்பிக்க. இப்ப இந்த வீடியோவப் பாத்தா, கர்த்தரே அவரத் திருப்பிப் போட்டுட்டாரோன்னு இருக்கு. இவன் என் முகத்தப் பாக்க வேணாம்னு.

– சேச்சே. ஞானசுந்தரம் சாரப் போயி அப்டிச் சொல்லலாமா? எந்தக் கடவுளும் அந்த மனுஷன அப்டிப் பண்ணாது.

– அப்ப தோண்டுங்க.

– தம்பிய ஏம்மா இங்க கொண்டாரல?

– அவனப் பத்தி இப்ப எதுக்கு? கோயில்ல தாலி கட்டிக்கிட்டு, சபைய விட்டுப் போனவன். கொரோனா நேரம். மின்மயானத்துல எரிச்சாங்க. சாம்பல அவன் பொண்டாட்டி வீணா ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குக் கொண்டுபோய் காவேரில கரைச்சுட்டா. அந்தக் கத முடிஞ்சுபோச்சு. பேச்ச மாத்தாதீங்கண்ணா. நீங்க தோண்டுங்க. தோட்டத்துக் கமிட்டி செக்ரட்டரிகிட்டப் பேசிட்டேன். அசோகன் சரின்னா சரின்னு சொல்லிட்டாரு.

– நான் சரின்னு சொல்ல மாட்டேன்மா.

– ஏன்?

– அஞ்சு மாசம் ஆன பொட்டி. மண்ணு ஈரம். அடிப்பலக இந்நேரம் எப்டி இருக்குமோ. பெத்த பொண்ணு பாக்கற காட்சி இல்ல அது.

– நான் கண்ண மூடிக்கறேன்.

– நான் மூடிக்க முடியாதே.

– அண்ணா, உங்களக் கையெடுத்துக் கும்புடறேன். ஒரு மணி நேர வேல. இது ஒண்ணு மட்டும் பண்ணிக் குடுங்க. ஒரு நிமிஷம், போன். ஹேளி மஞ்சுநாத். எல்லித்தீரா, எங்க இருக்கீங்க? சிக்னலா? சரி, சரி. ஆமா, அதே அளவுதான். செவுரு வரைக்கும். ஃபுல் காங்க்ரீட். ஓகே.

– செவுரு வரைக்குமா?

– ஆமா. சிலுவைக்குப் பின்னாடி இருக்கற அந்த ரெண்டடியையும் சேத்து மேட போட்டு, அதுல உக்கார ஒரு கல் பெஞ்சு. வந்தா நிழல்ல உக்காந்து ஜெபிக்கலாம்ல.

– அது உங்க அளவுல வராதும்மா. ஏழடிக்கு மூணடி. அஷ்டே. அந்த ரெண்டடி தோட்டத்துது.

– தோட்டத்துக்கு அதால என்ன பிரயோஜனம்? செவுத்துக்கு அந்தாண்ட சாக்கட மோரி. கொசு. இந்த எடத்த அப்பா ஏன் கேட்டு வாங்குனாருன்னே எனக்குப் புரியல. மரத்தடில அவ்ளோ நல்ல எடம் காலியா இருக்கும்போது, நாத்தமடிக்கற மோரிப் பக்கம் வந்து படுத்திருக்காரு.

– அங்க கலவ விழக்கூடாதும்மா. மண்ணாவே இருக்கட்டும்.

– ரெண்டு சட்டி கலவதானண்ணா?

– விழக்கூடாதுன்னா விழக்கூடாது!

– ஏன் இப்டிக் கத்தறீங்க?

– கத்தலயே.

– கத்துனீங்க. இதே குரல் அந்த வீடியோவுலயும் இருக்கு. இருங்க, சவுண்ட் வைக்கறேன். மழச் சத்தத்துல சரியா கேக்காது, காதுகிட்ட வச்சுக் கேளுங்க. “சுத்துங்க, சுத்துங்க, தல இந்தாண்ட வரட்டும்.” யார் குரல் இது?

– ம்.

– உங்க குரல்தான? மழைல மாறிப்போச்சுன்னீங்க. மாறல. தூக்கிட்டு வந்தவங்க சரியாத்தான் கொண்டாந்திருக்காங்க. குழிகிட்ட நிறுத்தி நீங்க திருப்ப வச்சிருக்கீங்க. குடிச்சிருந்தீங்களா?

– நான் குடிக்கறதில்லம்மா. குழி வெட்டறவன் குடிக்காம இருப்பானான்னு எல்லாரும் நெனைக்கறாங்க. நீங்களும் நெனச்சுக்குங்க, பரவால்ல.

– அப்ப வேணும்னே பண்ணீங்களா? எங்கப்பா உங்களுக்கு என்ன துரோகம் பண்ணாரு? உங்களப் பத்தி வீட்ல ஒரு நாள் தப்பாப் பேசினதில்லையே. “அசோகன் தங்கமான ஆளு”ம்பாரு. அந்த மனுஷன செத்ததுக்கப்புறம் இப்டி அவமானம் பண்ண எப்டி மனசு வந்துச்சு?

– அவமானம் இல்லம்மா அது.

– இந்த வீடியோவக் கமிட்டிக்கு அனுப்பப் போறேன். இப்பவே. உங்க வேல போயிடும்.

– அனுப்புங்க.

– நெஜமா அனுப்பிடுவேன்ணா.

– அனுப்புங்கம்மா. எங்கப்பா வெட்டுன எடம், நான் வெட்டுன எடம். போவச் சொன்னா போயிட்டுப் போறேன். நீலசந்திராவுல வீடு இருக்குது. சந்திரம்மா நாலு நாளைக்குத் திட்டுவா, கேட்டுக்கறேன். கட்டுனவ திட்டறது எனக்கு இன்னா புதுசா? ஆனா ஒரு மனுஷனுக்கு வாக்கு குடுத்துட்டேன். அத மாத்தறதுக்கில்ல.

– யாருக்கு வாக்கு குடுத்தீங்க?

– உங்கப்பாவுக்குத்தான்.

– என்னது?

– அவரே கேட்டதும்மா இது. “தலைய கெழக்க வச்சுடு அசோகா, கால செவுத்துப் பக்கம் நீட்டிவிடு”ன்னாரு. ஃபேக்டரில ஃபிட்டரா இருந்தவராச்சே, சும்மா வாயால சொல்லிட்டுப் போவல. டேப்பு கொண்டாந்தாரு, தெச பாக்கற காம்பஸ் கொண்டாந்தாரு. நாலு மூலைக்கும் ஆணி அடிச்சு நூல் கட்டிக் காட்டுனாரு. “இம்மி பிசகக்கூடாது”ன்னாரு. எனக்குச் சிரிப்பு வந்துச்சு. அவர் மூஞ்சப் பாத்துட்டு சிரிக்கல.

– எப்ப சொன்னாரு இத?

– ஆஸ்பத்திரில சேர்றதுக்கு முந்தின ஞாயித்துக்கெழம. சாயங்காலம்.

– ஞாயித்துக்கெழம சாயங்காலம் அவரு சர்ச்சுக்குல்ல போவாரு?

– இங்கதாம்மா வருவாரு. நாலு வருஷமா. மழையோ வெயிலோ ஒரு வாரம் விட்டதில்ல. அந்த மடக்கு ஸ்டூல் இருக்குல்ல, உங்க வீட்ல, பச்சக் கலரு? அதத் தூக்கிட்டு வருவாரு. இந்த எடத்துல போட்டு உக்காருவாரு. நான் கேட்டு பூட்டற வரைக்கும் பாடிட்டு இருப்பாரு.

– பாடுவாரா? அப்பாவா?

– நல்லாப் பாடுவாரும்மா. கணீர்னு. அபார்ட்மெண்ட்ல இருந்து ஒரு அம்மா பால்கனில வந்து நின்னு கேக்கும்.

– என்கிட்ட பேசவே இல்லண்ணா. நாலு வருஷம் ஒரே வீட்ல, “தண்ணி குடு”, “மாத்திர எடு”, அவ்ளோதான். இங்க வந்து பாடியிருக்காரு. யாருக்குப் பாடுனாரு? இங்க அவருக்கு யாரு இருக்கா?

– அந்தக் கோடி வரிசைல ரெண்டு பாதிரியாருங்க கல்லற இருக்குது, பாத்திருக்கீங்களா?

– நான் என்ன கேக்கறேன், நீங்க என்ன சொல்றீங்க?

– அதாம்மா சொல்றேன், கேளுங்க. அவங்க ரெண்டு பேரையும் எங்கப்பா காலத்துலயே திருப்பித்தான் வச்சிருக்குது. கெழக்க தல, மேக்க கால். அது ஒரு வழக்கம். பாதிரியாரு எந்திரிச்சா அவரோட ஜனத்தப் பாத்து நிக்கணுமாம். மேய்க்கறவராச்சே. எல்லாரும் எந்திரிச்சாச்சா, எவனாச்சும் இன்னும் தூங்கறானான்னு பாத்து, எழுப்பிக் கூட்டிட்டுப் போவணும்ல? இத சாருக்குச் சொன்னதே நான்தான். சும்மா பேச்சுக்குச் சொன்னேன். புடிச்சுக்கினாரு.

– எங்கப்பா பாஸ்டர் இல்லையே. அவருக்கு ஏது ஜனம்?

– நானும் அதத்தான் கேட்டேன். “எனக்கு ஜனமெல்லாம் வேணாம் அசோகா, ஒரே ஒரு ஆளு போதும்”னாரு.

– யாரு? அம்மாவா? அம்மாவ தங்கவயல்லதான பொதச்சிருக்கு. அந்த ஊரும் கெழக்கதான் இருக்கு. அம்மாவப் பாக்கணும்னாலும் எல்லாரையும் மாதிரிதான படுத்திருக்கணும்?

– அம்மா இல்ல.

– வேற யாரு? கண்ணுக்கு நேரா செவுருதான இருக்கு!

– அவர் சொன்னத அப்டியே சொல்றேன்மா. கோச்சுக்காதீங்க. “எக்காளம் கேட்டதும் மத்தவங்கல்லாம் டக்குனு எந்திரிச்சுடுவாங்க அசோகா. அவன் மட்டும் லேட்டாத்தான் வருவான். அவனுக்கு ஒடம்பு இல்ல பாரு, பொடிப் பொடியா சேர்ந்து வரணும். ஆண்டவரப் பாக்க ஊரே நிக்கும். நான் ஒருத்தன் கொறஞ்சா அவரு ஒண்ணும் கோச்சுக்க மாட்டாரு. ஆனா அந்தப் பையன் கண்ணத் தொறக்கும்போது எதுக்கால யாருமே இல்லாம இருக்கக்கூடாது.” அஷ்டேம்மா. இதுதான் சொன்னாரு.

– விக்கியவா?

– ஆமாம்மா.

– விக்கியத்தான் சொன்னாரா?

– உக்காருங்கம்மா.

– நான்தாண்ணா சொன்னேன். அப்பாகிட்ட. சாப்பிடும்போது. “அவன எரிச்சுட்டாங்க, ஆத்துல கரைச்சுட்டாங்க. அவன் எந்திரிச்சாலும் நம்ம பக்கம் எந்திரிக்க மாட்டான். அவனுக்காக ஜெபிக்காதீங்கப்பா, அந்த ஜெபம் போய்ச் சேராது”ன்னு சொன்னேன். எங்க சபைல அப்டித்தான் சொல்லிக் குடுத்தாங்க. நானும் சரியாச் சொல்லிட்டோம்னு நெனச்சேன். அப்பா தட்டத் தள்ளி வச்சாரு. கை கழுவிட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. அன்னைக்கு ஜெபத்த நிறுத்துனவருதான்.

– ம்.

– இன்னொண்ணு இருக்குண்ணா. தருணுக்குக்கூடத் தெரியாது. ஆஸ்பத்திரிலர்ந்து விக்கி எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டான். “அக்கா, மூச்சு விட முடியல, பயமா இருக்கு, கொஞ்சம் பேசேன்”னு. நான் பேசல. எங்க பாஸ்டரோட பிரசங்கத்த ஃபார்வர்ட் பண்ணேன். மனந்திரும்பச் சொல்ற பிரசங்கம், நாப்பத்தஞ்சு நிமிஷம். ரெண்டு நீல டிக் வந்துச்சு. அஷ்டேண்ணா.

– அழுதுடுங்கம்மா. இங்க அழறதுக்கு யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க.

– மூச்சு விட முடியாதவனுக்கு நாப்பத்தஞ்சு நிமிஷம்ணா. எனக்குப் பயமான்னு கேட்டீங்கல்ல? கர்த்தர் வந்து என்கிட்ட அந்த ஒண்ணத்தான் கேப்பாரு. எனக்குத் தெரியும். அப்பா முதுகக் காட்டி நிப்பாருன்னு ஓடி வந்தேனே, நான் எந்த மூஞ்ச வச்சுக்கிட்டு நிப்பேன்?

– உங்ககிட்ட சொல்ல வேணாம்னாரு சார். “விஜி தெரிஞ்சா தூங்க மாட்டா, பாவம்”னாரு.

– தூங்கலண்ணா. தெரியாமலே தூங்கல. இருங்க, மஞ்சுநாத்துதான் கூப்புடறாரு. ஹேளி. அதுக்குள்ள கேட்டுக்கு வந்தாச்சா? வெளியவே நில்லுங்க மஞ்சுநாத். கலவைய எறக்க வேணாம். இல்ல, சும்மா நில்லுங்க, நான் சொல்றேன். ப்ளீஸ்.

– அப்ப குழிய? தோண்டணுமா?

– தோண்ட வேணாம்ணா. அப்பா கேட்ட மாதிரியே இருக்கட்டும். அவரு சரியாத்தான் படுத்திருக்காரு.

– நல்லதும்மா.

– ஆனா இல்லண்ணா. இல்ல. சரியில்ல. அப்பா கணக்கு தப்பு. காம்பஸ் வச்சுப் பாத்தவரு இத யோசிக்கலயே! விக்கி காவேரில போனான். காவேரி போய்ச் சேர்ற கடல் கெழக்க இருக்கு. அவன் எந்திரிச்சா கெழக்கலர்ந்துதான் வருவான். அப்பா இந்தப் பக்கம் செவுத்தப் பாத்துட்டு நிப்பாரு. புள்ள முதுகுக்குப் பின்னாடி வந்து நிப்பான். மறுபடியும் அவன எதிர்ல யாருமே பாக்க மாட்டாங்க. ஐயோ அண்ணா, திருப்பணும், மஞ்சுநாத்த நிக்கச் சொல்லி, இப்பவே...

– நில்லுங்கம்மா. ஓடாதீங்க. முழுசும் காவேரில போவல.

– என்ன சொல்றீங்க?

– பாதிதான் போச்சு.

– வீணா எல்லாத்தையும் கரைச்சுட்டேன்னுதான சொன்னா?

– உங்ககிட்ட அப்டித்தாம்மா சொல்லும் அந்தப் பொண்ணு. வேற இன்னா சொல்லும்? பாதிய ஊறுகா பாட்டில்ல போட்டு வச்சிருந்துச்சு. நாலு வருஷத்துக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கெழம, சார் ஸ்கூட்டருக்குப் பின்னாடி உக்காந்து துப்பட்டால மூடிக் கொண்டாந்துச்சு. ரிஜிஸ்டர்ல இல்ல. கமிட்டிக்குத் தெரியாது. தெரிஞ்சா என்ன அன்னிக்கே அனுப்பியிருப்பாங்க. சாரு, அந்தப் பொண்ணு, நானு. மூணே பேரு. நான் கையாலயே பள்ளம் பறிச்சேன், மம்மட்டிகூட எடுக்கல. அப்புறம் சாரு சிரிச்சுக்கினே சொல்வாரு, “ஆத்துல போன பாதி வந்து சேர்றதுக்கு மைசூர் ரோடு ட்ராஃபிக்ல எப்டியும் லேட்டுதான் ஆவும் அசோகா, வரட்டும், நான் எங்க போவப்போறேன்”னு.

– மீதி பாதி? அண்ணா, மீதி பாதி எங்க?

– அதாம்மா வாரா வாரம் சொல்றேன், செருப்ப அங்க விடாதீங்கன்னு.